பதினான்கு மாத்திரை: காணாமல்போனவர் புகார் கொலை வழக்காக மாறும்போது விசாரிப்பது எப்படி?

"ஆளைக் காணோம்" என்று ஒருவர் வந்து எதிரே உட்கார்ந்தால், புதிதாக வந்த அதிகாரி முதலில் கேட்பது பெரும்பாலும் "வீட்டில் ஏதாவது சண்டையா?" என்பதுதான். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் கேட்டேன். பதிலும் வசதியாகவே வந்தது: "ஆமாம் சார், கொஞ்சம் வாக்குவாதம்." சரி, கோபித்துக்கொண்டு போயிருக்கிறார், நாலு நாளில் வந்துவிடுவார் என்று எழுதி மூடிவிட்டேன். பதினோரு நாள் கழித்து அந்தத் தெருவில் இருந்த மூன்று கேமராக்களின் பதிவைக் கேட்டுப் போனபோது, இரண்டில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிட்டிருந்தது. அந்த வழக்கு இன்றுவரை முடியவில்லை. ஓய்வுபெற்ற பிறகு புதியவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது அந்தப் பதினோரு நாளிலிருந்துதான் தொடங்குவேன்.

காணாமல்போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் உயிரோடு திரும்பிவிடுகிறார்கள். நம்மை அசட்டையாக்குவதே அதுதான். நூறு புகாரில் தொண்ணூற்றொன்பது தானாகத் தீர்ந்துவிட்டால், நூறாவதையும் அதே கண்ணோடுதான் பார்ப்போம். "24 மணி நேரம் போகட்டும், அப்புறம் வாருங்கள்" என்பதெல்லாம் சினிமாவில் பார்த்துப் பழகியது; அந்த முதல் ஒரு நாள்தான் உள்ளதிலேயே விலை உயர்ந்த நாள். பிரிட்டன் காவல்துறையில் "சந்தேகம் இருந்தால் கொலை என்றே எண்ணு" என்று சொல்லிக் கொடுப்பார்கள். குழந்தை என்றால் இன்னும் அவசரம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில், நாடு முழுவதும் கடத்திக் கொல்லப்பட்ட குழந்தைகளின் வழக்குகளை எடுத்து ஆராய்ந்தார்கள். 2006இல் வந்த முடிவின்படி, அந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு 76 பேர் கடத்தப்பட்ட மூன்று மணி நேரத்துக்குள்ளேயே இறந்திருந்தார்கள்.

ஆகவே என் வழி இது. வாயால் "கிடைத்துவிடுவார்" என்று பேசுங்கள். கையால் கொலை வழக்குக்கு எடுப்பதுபோல எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஆள் திரும்பி வந்துவிட்டால் நாலு காகித உறை வீண், அவ்வளவுதான்.

முதல் நாளே வீட்டுக்குப் போக வேண்டும். போனவர் என்ன உடை, எவ்வளவு பணம், எந்தப் பை என்று பட்டியல் எடுப்பார்கள், தேவைதான். ஆனால் எதை விட்டுவிட்டுப் போனார் என்பதுதான் அதிகம் பேசும். தினம் போடும் கண்ணாடி மேசைமேல் இருக்கிறதா? போன் சார்ஜர்? பல்செட்? மாத்திரை? கோபத்தில் கிளம்புகிறவர் பணத்தைக்கூட மறப்பார், கண்ணாடியை மறக்க மாட்டார். வாசலைத் தாண்டும்போதே உலகம் மங்கித் திரும்பி வருவார்.

பல் துலக்கும் பிரஷ்ஷையும் சீப்பையும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் போடக்கூடாது. ஈரம் புழுங்கிப் பூசணம் பிடித்து டிஎன்ஏ கெட்டுவிடும். காகித உறைதான். அந்த பிரஷ்ஷை வேறு யாராவது பயன்படுத்தினார்களா என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெற்றோர், பிள்ளைகள் இருந்தால் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து மாதிரி எடுக்கலாம். இதை ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அழுதுகொண்டே கொடுப்பார்கள், அல்லது அதற்குள் யாரோ அறையைச் சுத்தம் செய்திருப்பார்கள். முதல் நாள் கேட்டால் நாலு நடைமுறைகளில் அதுவும் ஒன்றாகப் போய்விடும்.

அடுத்தது, உயிரோடு இருக்கிறார் என்பதற்கான அடையாளம். வங்கிக் கணக்கு, போன், மின்னஞ்சல், மருத்துவமனைகள், சிறைகள், எல்லைச் சாவடிகள், பிணவறை. அடையாளம் தெரியாத நோயாளி என்று யாரையாவது சேர்த்திருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். இந்தக் காலத்தில் உயிரோடு இருக்கும் மனிதர் தடம் பதிக்காமல் இரண்டு வாரம் இருப்பது பெரும்பாடு. எல்லாத் தடமும் ஒரே மாலையில், ஒரே மணி நேரத்தில் நின்றிருந்தால், பிணம் கிடைக்காவிட்டாலும் என் கோப்பின் பெயர் மாறிவிடும்.

மாத்திரைக் கதையை இங்கேதான் சொல்ல வேண்டும்.

ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. கணவர் சனிக்கிழமை, 21ஆம் தேதி வந்து புகார் கொடுத்தார். வெள்ளி காலை ஏழு மணிக்கு அக்கா வீட்டுக்குக் கிளம்பினாராம், போய்ச் சேரவில்லையாம். ஏழரைக்கு அக்காவின் போனுக்கு "கிளம்பிட்டேன்" என்று மெசேஜும் போயிருந்தது. வெள்ளிக்கிழமை முழுக்கக் கணவர் எங்கே இருந்தார் என்பதற்கு ஆறு பேர் சாட்சி. பதறிப்போய்த்தான் இருந்தார், எனக்கே பாவமாக இருந்தது.

படுக்கையறை இழுப்பறையில் ரத்த அழுத்த மாத்திரை இருந்தது. தினம் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. அட்டையோடு மருந்துக் கடை ரசீதையும் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார், கணக்கான மனுஷி. 3ஆம் தேதி வாங்கிய மூன்று அட்டை, ஒவ்வொன்றிலும் பத்து. ஒன்று காலி. ஒன்று முழுசு. நடுவில் இருந்ததில் நாலு பாக்கி. ஆக மொத்தம் பதினான்கு. போனது பதினாறு. 3ஆம் தேதி இரவிலிருந்து விரல்விட்டு எண்ணினால் பதினாறாவது இரவு 18, புதன்கிழமை. வெள்ளி காலைதான் கிளம்பினார் என்றால் வியாழன் இரவு மாத்திரையும் போயிருக்க வேண்டும். பதிமூன்றுதான் மிஞ்சியிருக்க வேண்டும்.

ஒரே ஒரு மாத்திரை. அதை வைத்துக்கொண்டு யாரையும் பிடிக்க முடியாது, பிடிக்கவும் கூடாது. ஆனால் அது ஒரு கேள்வியைக் கிளப்பியது: வியாழன் மாலைக்குப் பிறகு இவரைப் பார்த்தவர் யார்?

எப்போதும் நான் சுவரில் ஒரு பெரிய வெள்ளைத் தாள் ஒட்டுவேன். கடைசி மூன்று நாள், மணி மணியாக. ஆவணமோ கருவியோ சொல்வதை நீலத்தில் எழுதுவேன். வழக்கோடு சம்பந்தமில்லாத ஆள் சொல்வது பச்சை. ஒரே ஒருவர் வாயை மட்டும் நம்பி நிற்பது சிவப்பு. அந்த வழக்கில் வியாழன் மாலை 4.40க்கு எதிர்வீட்டுக் கேமராவில் அந்தப் பெண்மணி வெளிக்கதவைச் சாத்துவது இருந்தது, நீலம். அதற்குப் பிறகு வெள்ளி காலைவரை எல்லாமே சிவப்பு. சிவப்பை மொத்தமாக அழித்துவிட்டுப் பார்த்தால், "கடைசியாகப் பார்த்தது" பதினான்கு மணி நேரம் பின்னால் போய்விடுகிறது. கணவர் தயாராக வைத்திருந்த ஆறு சாட்சிகளும் வெள்ளிக்கிழமைக்கானவர்கள். வியாழன் மாலைக்கு அவரிடம் ஒருவரும் இல்லை.

அந்த மெசேஜ் நீலமா என்று வகுப்பில் கேட்பேன். பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். போன் அனுப்பியது என்பது நீலம். அவர் அனுப்பினார் என்பது சிவப்புகூட இல்லை, யாருமே பார்க்காத விஷயம். அக்காவிடம் பழைய மெசேஜ்களைக் காட்டச் சொன்னேன். தங்கை அவருக்கு எழுதி அனுப்பியதே இல்லை. எல்லாமே குரல் பதிவு. "எழுத்து கண்ணுக்குத் தெரியலைன்னு சொல்லுவா" என்றார் அக்கா.

வாய் சொன்னதைப் பொருளோடு ஒட்டிப் பார்ப்பதற்கு 1994இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் நடந்த சூசன் ஸ்மித் வழக்கு நல்ல பாடம். சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியபோது துப்பாக்கியோடு ஒருவன் ஏறி, தன் இரண்டு குழந்தைகளோடு காரைக் கொண்டுபோய்விட்டான் என்றார் அந்தத் தாய். நாடே சேர்ந்து தேடியது. சாலையில் வேறு வண்டியே இல்லை என்றும் சொல்லியிருந்தார். ஆனால் அந்தச் சந்திப்பில் குறுக்குச் சாலையில் ஏதாவது வண்டி வந்தால்தான் விளக்கு சிவப்பாகும். இல்லாவிட்டால் பச்சையிலேயே நிற்கும். வேறு வண்டி இல்லை என்றால் சிவப்பு ஏது? கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், இது ஒன்பது நாள் தாங்கியது. குழந்தைகளோடு காரை ஏரிக்குள் விட்டவர் அவரேதான். விளக்கு எப்படி வேலை செய்கிறது என்று போய்ப் பார்க்க ஒருவருக்குத் தோன்றியதே, அதுதான் விசாரணை.

முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிப்பேன் என்று பெருமையடிக்கும் அதிகாரிகளோடு நிறைய வேலை பார்த்திருக்கிறேன். உண்மையா பொய்யா என்று மனிதர்கள் கணிப்பதைப் பற்றி நடந்த பல நூறு சோதனைகளைச் சேர்த்து 2006இல் கணக்கிட்டபோது, நூற்றுக்கு 54 தடவைதான் சரியாக இருந்தது. காசைச் சுண்டிப் போட்டாலே ஐம்பது வரும். அழவில்லை என்பதும் ஆதாரமல்ல, அதிகம் அழுதார் என்பதும் ஆதாரமல்ல. "இருந்தாள்" என்று இறந்தகாலத்தில் பேசினால் காதைத் தீட்டிக்கொள்ளலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

விசாரிக்கும்போது முதலில் முழுசாகப் பேச விடுங்கள். குறுக்கே பேசவே வேண்டாம். அப்புறம் கடைசியிலிருந்து முன்னால் சொல்லச் சொல்லுங்கள். நடந்ததைச் சொல்பவர் தடுமாறித் தடுமாறிப் புதிதாக ஏதாவது நினைவுபடுத்துவார். மனப்பாடம் செய்தவர் பாதியில் நின்றுவிடுவார். முதல் நாள் வாக்குமூலத்தைத் தேதி, நேரம் போட்டு வாங்கிவிடுங்கள். உங்கள் கையில் இருப்பதைக் காட்டிவிடாதீர்கள். மாத்திரை எண்ணிக்கை என் கோப்பைத் தவிர வேறெங்கும் போகவில்லை, என் மேலதிகாரியின் செய்தியாளர் சந்திப்புக்கும் சேர்த்துத்தான்.

போன் கோபுரக் கணக்கை வைத்துக்கொண்டு துள்ளிக் குதிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு கோபுரம் சாதாரணமாக மூன்று பக்கமாகப் பிரித்து வேலை செய்யும், பக்கத்துக்கு 120 டிகிரி. ஆள் குறைவான பகுதியில் அந்த ஒரு பக்கம் பல கிலோமீட்டருக்கு விரியும். போன் எப்போதும் பக்கத்துக் கோபுரத்தைத்தான் பிடிக்கும் என்றும் இல்லை. ஆகவே "அவர் அந்த வீட்டில் இருந்தார்" என்று கோபுரம் சொல்லாது. "ஊரிலேயே இல்லை" என்று சொன்னவர் பொய் சொல்கிறார் என்பதை மட்டும் சொல்லும். இரண்டு போன்கள் ஒரே நேரத்தில், ஒரே கோபுரங்கள் வழியாக நகர்ந்திருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. அதைவிட எனக்குப் பிடித்தது யார் கூப்பிடவில்லை என்பது. காணாமல்போனவரின் போனுக்கு அக்கா அறுபது முறை கூப்பிட்டிருந்தார். கணவர் இரண்டு முறை. எடுக்க ஆளில்லை என்று தெரிந்தவர் எதற்குக் கூப்பிடுவார்?

கேமராப் பதிவு எடுக்கும்போது அதன் கடிகாரத்தையும் உங்கள் போன் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு நிமிடம், பதினோரு நிமிடம், சில இடங்களில் ஒரு வருடமே தப்பாக ஓடும். கடைசியில் நீதிமன்றத்தில் வழக்கு தொங்குவது அந்த ஏழு நிமிடத்தில்தான்.

கொன்றவர் எதை மறைத்தாலும் வாங்கியதை மறைப்பது கடினம். 1986இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஹெல்லி கிராஃப்ட்ஸ் என்ற விமானப் பணிப்பெண் காணாமல்போனார். கணவர் விமானி. அம்மாவைப் பார்க்க டென்மார்க் போனாள் என்று ஒருவரிடமும் வேறொரு கதையை இன்னொருவரிடமும் சொன்னார். கடன் அட்டைக் கணக்கைப் பார்த்தால் புதிய உறைபெட்டி, படுக்கை விரிப்புகள், மரக்கிளைகளைத் துகளாக அரைக்கும் இயந்திரத்துக்கு வாடகை. பனிப்புயல் இரவில் சாலையோரம் அந்த இயந்திரத்தைப் பார்த்த பனி அகற்றும் ஊழியர் ஒருவர் இடத்தைக் காட்டினார். ஏரிக்கரையில் சல்லடை போட்டுத் தேடியதில் கிடைத்தது மூன்று அவுன்சுக்கும் குறைவு: ஒரு பல், ஒரு நகம், எலும்புத் துணுக்குகள், முடி. பல்லின் உறையைப் பல் மருத்துவரின் பதிவோடு ஒப்பிட்டு அடையாளம் கண்டார்கள். 1989இல் கணவர் குற்றவாளி என்று தீர்ப்பு.

வீட்டைக் கொலை நடந்த இடமாக நினைத்துத் திரும்பப் போகும்போது, கதவைத் திறந்ததும் எதையும் தேடாதீர்கள். நின்று பாருங்கள். நாலு சுவரில் ஒன்றுக்கு மட்டும் புது வெள்ளை. கட்டிலின் கால் பதிந்த தடம் ஒரு இடத்தில், கட்டில் இன்னொரு இடத்தில். லூமினால் என்ற ரசாயனத்தை அடிப்பது அதற்கெல்லாம் பிறகு. ரத்தத்தில் இருக்கும் இரும்போடு சேர்ந்து அது இருட்டில் நீலமாக ஒளிரும், அரை நிமிடம்போல. கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டுதான் அடிக்க வேண்டும். பிளீச்சிங் பட்டாலும் ஒளிரும். ஆகவே ஒளிர்வது ரத்தம் என்று எழுதாதீர்கள், ரத்தமாக இருக்கலாம் என்று எழுதி ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள். தரையை எவ்வளவு தேய்த்தாலும் ஓடுகளின் இடுக்கும், கட்டில் சட்டத்தின் அடிப்பக்கமும் விட்டுப்போகும். குனிந்து சுத்தம் செய்கிறவருக்கு மேலே பார்க்கத் தோன்றாது. மின்விசிறி இறக்கையைப் பாருங்கள்.

எங்கள் வழக்கில் பிணம் 26ஆம் தேதி, கைவிடப்பட்ட கல்குவாரித் தண்ணீரில் மிதந்தது. பிணம் கிடைத்த இடத்தில் அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம் கெடுக்கிறார்கள், பெரும்பாலும் பெரிய அதிகாரிகள். உள்ளே போக ஒரே வழி, வருகிறவர் பெயரும் நேரமும் எழுத ஒரு ஆள். தொடுவதற்கு முன் படம். நிலத்தில் கிடக்கும் பிணமாக இருந்தால் தோலின் நிறத்தைக் கவனியுங்கள். இதயம் நின்றதும் ரத்தம் கீழ்ப்பக்கமாக இறங்கித் தேங்கி ஊதா நிறம் பிடிக்கும். ஏறக்குறைய எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் அது நிலைத்துவிடும். மல்லாந்து கிடக்கிறார், ஊதா நிறமோ மார்பில் என்றால், பல மணி நேரம் குப்புறக் கிடந்தவரை யாரோ கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். ஈக்களும் புழுக்களும் அருவருப்பு அல்ல, கடிகாரம். சிலவற்றை உயிரோடும் சிலவற்றை வெந்நீரில் போட்டு ஆல்கஹாலில் பாதுகாத்தும் நிபுணருக்கு அனுப்ப வேண்டும். அந்த இடத்தின் வெப்பநிலையையும் குறித்துக்கொடுக்க வேண்டும்.

ஒரு வாரம் தண்ணீரில் கிடந்த முகத்தைக் காட்டி "இவர்தானா?" என்று அக்காவிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. முதல் நாள் எடுத்த பிரஷ் உறையில் இருந்தது.

பிணமே கிடைக்காமலும் கொலையை நிரூபிக்கலாம். 1953இல் வேல்ஸில் ஒரு பண்ணையில் பங்குதாரர் காணாமல்போன வழக்கில், சமையலறை முழுக்க இருந்த சிறு ரத்தத் துளிகளும் மாறி மாறிச் சொன்ன பொய்களும் மிகைல் ஒனுஃப்ரெய்ச்சிக் என்பவரைத் தண்டிக்கப் போதுமானதாக இருந்தன. ஆனால் இதைச் சொன்ன கையோடு 1660ஐயும் சொல்லிவிடுவேன். இங்கிலாந்தின் சிப்பிங் கேம்ப்டனில் வாடகை வசூலிக்கப் போன வில்லியம் ஹாரிசன் திரும்பவில்லை. கிழிந்த தொப்பியும் ரத்தக்கறை படிந்த கழுத்துப்பட்டியும் கிடைத்தன. வேலைக்காரர் ஜான் பெர்ரி, தன் தாயும் சகோதரனும்தான் கொன்றார்கள் என்று வாக்குமூலம் கொடுத்தார். அவர் சொன்ன இடத்தில் தேடினார்கள், பிணம் இல்லை. இருந்தாலும் 1661இல் மூவரையும் தூக்கிலிட்டார்கள். 1662இல் ஹாரிசன் வீட்டுக்குத் திரும்பி வந்தார். வாக்குமூலமும் ஒரு வாய்தான். அது சொன்ன இடத்தில் பொருள் கிடைக்கவில்லை என்றால் என் தாளில் அதுவும் சிவப்பு.

எங்கள் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது கணவர் தரப்பு வக்கீல் மாத்திரை அட்டையை வாங்கி, ஒவ்வொன்றாகத் தொட்டு அவரே எண்ணினார். பதினான்கு. "ஒரு நாள் மறந்திருக்கலாம் இல்லையா?" என்று கேட்டார். மறந்திருக்கலாம் என்றேன். அவருக்கே ஆச்சரியம். "அப்படியானால் இது எதற்கு?"

"வியாழக்கிழமையைப் பார்க்கச் சொன்னது இதுதான் ஐயா. மற்றது எல்லாம் அங்கே இருந்தது" என்றேன். எதிர்வீட்டுக் கேமரா, கட்டில் சட்டத்தின் அடியில் எடுத்த மாதிரி, இரண்டு போன்களும் வெள்ளி அதிகாலையில் சேர்ந்து நகர்ந்த கோபுரக் கணக்கு என்று அரசு வக்கீல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அக்காவைக் கூப்பிட்டபோது அவர் தன் போனைக் கையில் வைத்திருந்தார். தங்கையின் குரல் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டலாமா என்று நீதிபதியிடம் கேட்டார்.

புதன்கிழமை இரவு அனுப்பியது அது. "மாத்திரை போட்டுட்டேன், தூங்கப் போறேன்" என்று இருந்தது.